சிட்டம்மாளின் பம்பில் ஒரு விரிசல்

1

ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதை என் வீட்டு மோட்டாரிலிருந்து ஒழுகியது. அதன் வார்ப்பிரும்புக் கேசிங்கில், அதாவது மேலோட்டில், விரிசல். உத்திரமேரூர்ப் பட்டறை ஒன்றில் எபாக்ஸிப் பசை வைத்து அடைக்கக் கொடுத்துவிட்டு, ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று அந்த மனுசன் உயிரை எடுத்தேன். இரண்டே நாளில் மறுபடி ஒழுகல். எனக்கு நனைந்தது கொல்லைப்புறம் மட்டும். அதுவே ஒரு நெல்வயலின் பம்பாக இருந்தால்? அங்கேதான் எழுதக் கை அரித்தது.

2

மார்கழி வெயில் உத்திரமேரூர் ஏரியின்மீது பொன்னை உருக்கி—

(வேண்டாம். பட்டறைக்குள் வெயில் வராது.)

பட்டறைக்கார வேதகிரிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து இது ஆறாவது கேசிங். விரிசல் மேலே ஓடாதபடி அதன் இரு முனையிலும் துளை போட்டார். கிரைண்டரால் அதை அகலப்படுத்தினார். அடுத்து நெருப்பில் வாட்ட வேண்டும். பழைய வார்ப்பு எண்ணெய் குடித்திருக்கும். அதைக் கக்க வைத்தால்தான் எபாக்ஸி பிடிக்கும். அரைமணி நேர வேலை.

துணியால் துடைத்ததோடு சரி. எபாக்ஸியைப் பிசைந்து அப்பினார். மறுநாள் இறுகியதும் நீலப் பெயிண்ட்.*

*பெயிண்டைப் பிறகுதான் சேர்த்தேன். முதல் வரைவில் வேதகிரி ரொம்ப நல்லவர். கதை நகரவே மாட்டேன் என்றது.

3

பெருநகர் கிராமத்திலிருந்து சிட்டம்மாள் தன் பம்பை வாங்கிப்போக வந்தாள். குத்தகை நிலம். கதிரில் பால் பிடிக்கிற நேரம். நாலு நாளாகத் தண்ணீர் இல்லை.

“இன்னா வேதகிரிண்ணா, பம்ப கல்யாணப் பொண்ணாட்டம் ஜோடிச்சி வெச்சிக்கீற?”

“பேஜார் பண்ணாத சிட்டம்மா. எடுத்துக்கினு போ.”

“போறேன். தாங்குமா? பயிரு இத நம்பிக்கினு கீது.”

கொத்தி எடுத்து, வாட்டி, மறுபடி அடைத்தால் இன்னும் ஒரு நாள் போகும். வேதகிரிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

4

முடிவு அ: உண்மையைச் சொல்லிவிடுகிறார். (களைத்த மனுசனை என் வசதிக்காகப் புனிதராக்கலாமா?)

முடிவு ஆ: “தாங்கும்” என்கிறார், அறுப்பு வரை தாங்குகிறது. (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.)

முடிவு இ: பாதி வயல் பாய்வதற்குள் பம்பு— (முடியவில்லை. சிட்டம்மாளை எனக்குப் பிடித்துப்போயிற்று.)

5

“டீ சொல்லட்டா?” என்கிறார் வேதகிரி.

“வாய்லயும் எபாக்ஸிய அப்பிக்கினியா? கேட்டதுக்குச் சொல்லுண்ணா.”

வெளியே ஷேர் ஆட்டோ ஆரன் அடிக்கிறது. அவள் கேசிங்கைச் சாக்கில் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். வேதகிரி பெயிண்ட் பிரஷ்ஷைக் கழுவுகிறார், கழுவிக்கொண்டே இருக்கிறார். அவரை நம்பிப் பயனில்லை. என்னை நம்பினால் இன்னும் மோசம். விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் நீங்கள்.

ஆட்டோ கிளம்பப் போகிறது. அவளைக் கூப்பிடுங்கள்.