கணுக்காலுக்கு மேலே

விசாரணை அதிகாரி என் தையல் கடைக்குள் வந்தபோது நான் ஒரு கோட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டித் தீர்க்க வசதியாக ஒரு கெட்டவர் வந்திருந்தால் எனக்கு இத்தனை குழப்பம் வந்திருக்காது.

"அண்ணே, கணுக்காலுக்கு மேல நிக்கிற மாதிரி பேன்ட்டைக் குறைக்கச் சொல்லி உங்ககிட்ட யார் யார் வந்தாங்க? இந்த ஒரு வருஷத்துல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒருத்தன் வெடிமருந்தோடு பிடிபட்டான். அது பொய்யில்லை. அந்த நாசமாய்ப் போனவனை எனக்கும் தெரியும். அதற்குச் சில மாதம் முன்னால்தான் தாடி வளர்த்தானாம், பேன்ட்டைக் குறைத்தானாம். கூட்டாளிகள் யாரும் இருக்கிறார்களா என்று தேடுகிறார்கள். தேடத்தானே வேண்டும்? குண்டு வெடித்தால் என் கடை ஷட்டரும் சேர்ந்துதான் பறக்கும். ஆனால் தாடி எனக்கும் இருக்கிறதே!

அளவு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பதினொரு பேர் தேறினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"சார், இவர் பெயின்டர், ஓரத்துல பெயின்ட் ஒட்டுதுன்னு குறைச்சார். இவர் சைக்கிள்ல போறவர், செயின்ல மாட்டுதாம். இவன் காலேஜ், கேட்டா ஃபேஷன்ங்கிறான்."

நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தார். ஊரையே கரை சேர்ப்பது போல எனக்கு ஒரு பெருமை. கடைசியில் ஒரு பெயர் மிஞ்சியது. என் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி, விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறவன்.

"இவர் எதுக்குக் குறைச்சார்?"

தொழுகைக்காகத்தான். துணி கணுக்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று படித்ததாக அவனே சொல்லியிருந்தான். நானும் அஞ்சு வேளை தொழுகிறவன்தான். ஆனாலும் பெயின்ட்டையும் செயினையும் அடுக்கிய வாய்க்குத் தொழுகை என்ற சொல் வரவில்லை. அதைக் குற்றம் என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லலாம், சொல்லக்கூடாது என்று நானாகத்தான் காரணங்களைப் பிரித்துக்கொண்டேன்.

"தெரியலை சார்" என்றேன்.

மறுநாளே அவனுடைய பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாஸ் இல்லாமல் விமான நிலையத்துக்குள் கால் வைக்க முடியாது, கிட்டத்தட்ட வேலை போன மாதிரிதான். தினமும் விசாரணைக்குப் போய் வந்தான். மனைவியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"நோட்டைக் கொடுத்தீங்க, சரி. தெரிஞ்சுக்கிட்டே தெரியலைன்னு ஏங்க சொன்னீங்க?"

அவன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் பிடிபட்டவனும் என் கடை வாசலில் சலாம் சொல்லிவிட்டுப் போனவன்தானே? மச்சினன் இப்போதெல்லாம் குறைவாகப் பேசுகிறானோ? ஃபோனை ஏன் கவிழ்த்து வைக்கிறான்? மண்டை காய்ந்துபோனது. அதிகாரியாவது சம்பளத்துக்கு விசாரித்தார், நான் ஓசியிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

பத்தாம் நாள் மச்சினன் கடைக்கு வந்தான். உட்காரச் சொல்வதற்குள் அதிகாரியின் ஃபோன் வந்தது.

"உங்க மச்சினன் மேல ஒண்ணும் இல்லண்ணே. தொழுகைக்காகக் குறைச்சேன்னு முதல் நாளே அவரே சொல்லிட்டார். மத்ததைச் சரிபார்க்கத்தான் இத்தனை நாள் ஆச்சு. சிரமத்துக்கு மன்னிக்கணும்."

"அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. விஷயத்தை அவனிடம் சொன்னேன்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாஸ் நேத்தே கைக்கு வந்துடுச்சு மச்சான். அதைச் சொல்லத்தான் வந்தேன்." உட்காராமலேயே கேட்டான். "இப்ப எதுக்கு அப்பாடா? வேலை போகலைன்னா? இல்ல, நான் அந்த மாதிரி ஆள் இல்லைன்னு அவங்க சொல்லிட்டாங்கன்னா?"

"வேலை போகலைன்னுதான் மாப்ளே" என்றேன். உடனே சொல்லியிருக்க வேண்டும், கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று படியிறங்கிப் போனான்.