ஸாரி சொன்னால் அவர் கேட்பது

வந்து உட்கார்ந்த அம்மாவுக்கும் பையனுக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தேன். அது சும்மா உபசாரம் இல்லை. எங்கள் பக்கத்தில் பகையான வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். எங்களை மாதிரி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்களானாலும் இதில் மாற்றம் கிடையாது. ஒரு வாய் காப்பி உள்ளே போய்விட்டால் பகை முடிந்தது. அப்புறம் கோர்ட்டில் அந்தப் பையனுக்கு எதிராக நான் வாய் திறக்கக் கூடாது.

பையன் முத்துக்குமரன், வில்லாபுரத்துக்காரன். பரவை மார்க்கெட் ரோட்டில் என் வீட்டுக்காரர் ஞானமுத்துவை பைக்கில் இடித்துத் தள்ளியவன். நிறுத்தினான், பார்த்தான், போய்விட்டான். வெளியே பெரிய காயமில்லை. உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மனுஷன் போய்ச் சேர்ந்தார். மன்னித்துவிடும்மா என்று சர்ச் சாமியார் சொல்கிறார். அவருக்கென்ன, கல்யாணமா காட்சியா!

என் வீட்டுக்காரர் இங்கிலீஷ் வாத்தியார். வார்த்தைப் பைத்தியம். யார் ஸாரி சொன்னாலும் விட மாட்டார். "ஆதி இங்கிலீஷ்ல அதுக்கு வலியில கெடக்குறவன்னு அர்த்தம். ஸோர்னு புண்ணைச் சொல்றோம்ல, அதுல இருந்து வந்தது. வலிக்கிறவன்தான் சொல்லணும். சொல்லு, எங்க வலிக்குது?" என்பார். பஸ்ஸில் காலை மிதித்தவனிடமும் இதே பாட்டுத்தான். தலையில் அடித்துக்கொள்வேன். கேட்டுக் கேட்டு எனக்கும் தொற்றிக்கொண்டது.

"ஒத்தப் புள்ளக்கா. கோர்ட்டுல நீங்க ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னாப் போதும்," என்று அழுதாள் அவனைப் பெற்ற ஜெயக்கொடி. அவளைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. சரி, குடிக்கட்டும், எல்லாம் இத்தோடு போகட்டும் என்று மனசு இறங்கியிருந்தது.

பையன் தலை நிமிராமல், "ஸாரி ஆன்ட்டி," என்றான்.

"எங்க வலிக்குது?" என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சாரும் இதையேதான் கேட்டாரு ஆன்ட்டி."

"எப்ப?"

"கீழ கெடக்கும்போது. ஸாரி சார்னேன். எங்க வலிக்குதுன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் இல்ல சார்னேன். நல்லாத்தான பேசுறாரு, அம்புட்டு அடி இல்லைன்னு நெனச்சுக் கெளம்பிட்டேன்."

அட பாவி மனுஷா, ரோட்டில் கிடந்துகொண்டுமா!

"அவரு ஒங்கிட்ட கேட்டாரு. நீ அவருகிட்ட கேட்டியா?"

ஜெயக்கொடி அவசரமாக டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அவள் கையைப் பிடித்து அதை வாங்கிக்கொண்டேன்.

"வேணாம்மா. கெளம்புங்க."

அவனுடைய டம்ளரையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். இரண்டையும் தொட்டியில் கொட்டினேன்.