இரண்டும் கையில் இருந்த நாள்

எங்கள் கல்லூரியில் வருடத்துக்கு ஒருமுறை எனக்கு முழுச் சம்பளம் வரும். வந்த மறுநாளே திரும்பிப் போய்விடும்.

வெளியாட்களுக்கு இது புரியாது, அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நான் வேதியியல் ஆசிரியை. தனியார் கல்லூரி, ஒன்பது வருடமாகிறது. மாதச் சம்பளம் இவ்வளவு என்று நியமன உத்தரவில் அழகாக அச்சடித்திருக்கிறது. ஏழு மாதமாக அந்தத் தாளைத் தாண்டி அது வெளியே வரவில்லை. ஆனால் வருடா வருடம் ஆய்வுக் குழு வந்து, ஆசிரியர்களுக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறதா என்று வங்கித் தாள்களைப் பார்க்கும். அதற்காகத் தாளாளர் எங்கிருந்தோ கடன் வாங்கி, எங்கள் இருபத்து மூன்று பேர் கணக்கிலும் பாக்கி முழுவதையும் ஒரே நாளில் போடுவார். தாள் அச்சானதும் எங்களைக் கல்லூரி வேனில் ஏற்றி வங்கிக்குக் கூட்டிப் போவார்கள். பணத்தை எடுத்து, முன் சீட்டில் துணிப்பையோடு உட்கார்ந்திருக்கும் கணக்காளரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அப்புறம் தாளாளருக்கு மனசு வந்தால் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்.

கொடுக்காமல் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். என் நாத்தனாரும் அதைத்தான் கேட்டாள். கொடுக்காவிட்டால் என் சான்றிதழ்கள் வராது. பள்ளி மதிப்பெண் பட்டியலில் இருந்து முனைவர் பட்டம்வரை எல்லா அசலும் அலுவலக இரும்பு பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். "இங்க இருந்தா பத்திரமா இருக்கும்மா" என்றார் தாளாளர். பத்திரத்துக்கு என்ன குறை, ஜெயிலில் இருக்கிறவனும் பத்திரமாகத்தான் இருக்கிறான். அசல் இல்லாமல் வேறு எந்த இடத்திலும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். ஆய்வு நாளன்று மட்டும், குழுவிடம் காட்டுவதற்காக அவற்றை எங்கள் கையில் கொடுத்துச் சாயங்காலம் திரும்ப வாங்கிப் பூட்டுவார்கள். அதற்குள் பணம் துணிப்பைக்குப் போயிருக்கும். முதலில் பணம், அப்புறம்தான் சான்றிதழ். இந்த வரிசை ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட மாறியதில்லை.

இதற்கு நடுவில் வீட்டு வாடகை ஐந்து மாதம் பாக்கி. என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறார். அவர் கொண்டுவருவது சாப்பாட்டுக்கும் மகளின் பள்ளிக்கும் சரியாகப் போய்விடும். வாடகை என் பொறுப்பு. வீட்டுக்கார அம்மா நல்லவர்தான், நான்கு மாதம் பொறுத்தார். ஐந்தாவது மாதம், "இந்த மாசக் கடைசிக்குள்ள குடுங்க, இல்லைன்னா காலி பண்ணிடுங்கம்மா, எனக்கும் வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. நாத்தனார், "எங்க வீட்ல பின்னாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு அண்ணி, வந்துடுங்க" என்றாள். அவள் சொன்ன இனிப்பில் எனக்குப் பல்லே கூசியது. அந்த அறைக்குப் போவதற்கு என் ஆய்வகத்தில் அமிலப் புட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளலாம்.

அந்தத் திங்கட்கிழமை பணம் வந்தது. போனில் குறுஞ்செய்தியைப் பார்த்தேன். ஏழு மாதச் சம்பளம். வயிறு எரிந்தது, வேறென்ன. செவ்வாய் மதியம் வேன், வியாழன் ஆய்வு என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் வகுப்பில் கரும்பலகைக்கு முதுகு காட்டி நின்றிருந்தபோது, எங்கள் முதல்வர் வராந்தாவில் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பின்னாலேயே அட்டெண்டர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், உடனே கருத்தரங்கு ஹாலுக்கு வாங்க. ஆய்வுக் குழு வந்துட்டாங்க."

"வியாழக்கிழமைதானே?"

"அவங்களுக்கு வேற ஊர்ல ஆய்வு கேன்சல் ஆயிடுச்சாம். இங்க வந்து கார்லருந்து இறங்கிட்டாங்க. மோட்டார் போடக்கூட ஆள் இல்ல."

மோட்டார் என்றால் வாசலில் இருக்கும் நீரூற்றுக்கு. சம்பளம் போடக் காசில்லாத தாளாளர் கட்டிய நீரூற்று அது. ஆய்வு நாளில் மட்டும்தான் அதில் தண்ணீர் வரும்.

ஹாலில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். அட்டெண்டர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு ஃபைலைக் கொடுத்தார். "வெளிய போகும்போது கதவுகிட்ட ஃபைலைக் குடுத்துட்டுப் போகணும்" என்று முதல்வர் மூச்சிரைக்கச் சொன்னார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

நான் ஃபைலைத் திறந்தேன். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மூலையில் என் அப்பாவின் கையெழுத்து. தடவிப் பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. 

பக்கத்தில் கணிதம் நடத்தும் கணக்கு சார். நல்ல மனிதர், ஆனால் தன் நிழலைப் பார்த்தே வணக்கம் வைக்கிற சுபாவம்.

"சார், நம்ம பணம் இப்ப எங்க இருக்கு?" என்று கிசுகிசுத்தேன்.

"அக்கவுண்ட்லதான். மத்தியானம்தானே வேன்."

"சர்டிபிகேட் எங்க இருக்கு?"

"மடியில." சொல்லிவிட்டுத் தன் மடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மடியைப் பார்த்தார். "மேடம், சும்மா இருங்க. எனக்கு பிரஷர் இருக்கு."

குழுவில் மூன்று பேர். தலைவி கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடுகிற ஒரு பேராசிரியை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஃபைலைப் புரட்டி, வங்கித் தாளோடு ஒப்பிட்டார். முதல்வர் பக்கத்திலேயே நின்றார். கதவருகில் அட்டெண்டர் பதிவேட்டோடு தயாராக நின்றார். எனக்கு முன்னால் போன நான்கு பேரும் ஃபைலை அவரிடம் நீட்டிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

என் முறை வந்தது.  ஐந்து மாத வாடகை, மகளின் புத்தகப் பை, நாத்தனாரின் பின்னறை எல்லாம் சேர்ந்து என்னைத் தள்ளிக்கொண்டு போயின.

"சம்பளம் சரியா வருதாம்மா?" என்று தலைவி கேட்டார்.

எட்டு வருடமாக இந்தக் கேள்விக்குப் பொய் சொன்னவள் நான். "முழுசா வந்துடுச்சு மேடம். நேத்துதான்" என்றேன். முதல்வர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நல்லது. நீங்க போகலாம்."

"மேடம், ஒரு சந்தேகம்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "இந்த அசலை ஆபீஸ்ல குடுக்கணுமா, இல்ல நாங்களே வெச்சுக்கலாமா?"

தலைவி நிமிர்ந்தார். "ஏன் குடுக்கணும்? இது உங்க சொத்தும்மா. காலேஜ் வாங்கி வெச்சுக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு." முதல்வர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க வாங்கி வெச்சிருக்கீங்களா?"

 முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில் மட்டும் தீ இருந்திருந்தால் நான் அங்கேயே கரியாகியிருப்பேன்.

"சேச்சே, அப்படி எல்லாம் கிடையாது மேடம்."

"அப்படின்னா அதையும் எழுதிடுவோம்." தலைவி குறிப்பேட்டில் எழுதியபடியே சொன்னார். "ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள் அவர்களிடமே உள்ளன. ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

முதல்வர் அசடு வழியக் கையெழுத்துப் போட்டார். இருபத்து மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹாலில் யாரோ பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுக்குப் போனேன். அட்டெண்டர் பதிவேட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார். முன்னால் கொடுத்திருந்த நான்கு ஃபைல்களையும் உரியவர்களிடம் திருப்பி நீட்டினார்.

"உங்களுக்கும் பணம் போட்டாங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கும்மா போடுவாங்க? அட்டெண்டரை எல்லாம் யாரு ஆய்வு பண்றாங்க? நீங்க போங்க, நின்னு பேசாதீங்க."

கணக்கு சார் எனக்குப் பின்னால் வந்தார். கடைசி நேரத்தில் காலை வாரிவிடுவார் என்று நினைத்தேன். மனிதர் ஃபைலைச் சட்டைக்குள்ளேயே செருகிக்கொண்டு வந்திருந்தார்.

மதியம் வேன் வந்து ஹாரன் அடித்தது. கணக்காளர் பையோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லோரும் வகுப்பில் இருந்தோம். இவ்வளவு அக்கறையாக நாங்கள் பாடம் நடத்தி மாணவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மாடிக்கு ஏறி வீட்டுக்கார அம்மா முன்னாலேயே ஐந்து மாத வாடகையையும் போனில் அனுப்பினேன். அவர் போனை இரண்டு முறை பார்த்துவிட்டு, "உட்காருங்கம்மா, மூச்சு வாங்குது உங்களுக்கு" என்றார். உட்கார்ந்தவள் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. கீழே வந்தபோது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கணக்கு சார் எழுதியிருந்தார்: அட்டெண்டருக்குப் பாக்கியுள்ள ஏழு மாதச் சம்பளத்தை நாம் பங்கு போட்டுக் கொடுத்தால் ஆளுக்கு இவ்வளவு வருகிறது, சில்லறையை நான் பார்த்துக்கொள்கிறேன். பத்து நிமிடத்தில் எல்லோரும் சரி என்றார்கள்.

ஆறு மணிக்குத் தாளாளர் போன் செய்தார். என் வீட்டுக்காரர் கை வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா இது? நீதான் ஆரம்பிச்சு வெச்சியாமே. அது காலேஜ் பணம்."

"என் சம்பளம் சார் அது."

"நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

ஒன்பது வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது நேராகவே வந்துவிட்டது. பயம் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

"சரிங்க சார். அசல் எல்லாம் என்கிட்டதான் இருக்கு, வேற இடம் பார்த்துக்கறேன். குழு குறிச்சிட்டுப் போன ஆசிரியர் லிஸ்ட்ல என் பேர் இருக்கு, என்னை ஏன் நிறுத்தினீங்கன்னு அவங்ககிட்ட மட்டும் நீங்க சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது.  

"நாளைக்கு உனக்கு ஆய்வக வகுப்பு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஒன்பதுக்கு சார்."

"நேரத்துக்கு வந்துடும்மா. பசங்க காத்துட்டிருப்பாங்க."