வாங்க

நைட் ஷிப்ட் முடிந்து கண்ணன் வீட்டுக்கு வந்தபோது மணி ஏழரை. தலையிலும் புருவத்திலும் மில்லின் பஞ்சுத்தூசி அப்பியிருந்தது. அம்மா மாயம்மாள் கொல்லைப்பக்கம் பணியாரத்துக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறைக் கட்டிலில் அப்பா சோலைமுத்து கிடந்தார். கண்ணன் அறை வாசலில் நின்று அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தான். சொல் வரவில்லை.

பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகிறது. வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்ட வியாதி, பேச்சில் ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்திருந்தது. வாங்க. ஆள் வந்தாலும் வாங்க, நாய் வந்தாலும் வாங்க, பீச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாலும் வாங்க. பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். எந்த வாங்க எதற்கு என்று மாயம்மாளுக்கு மட்டும் தெரியும். கண்ணனுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது, எரிச்சலாக.

அந்தச் சொல்லைத்தான் கப்பல்காரர்கள் விரும்பினார்கள். தூத்துக்குடிக்கு உல்லாசக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில், அதிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு மதுரைக் கோயிலைக் காட்டிவிட்டு, கொடைரோடு தாண்டி இந்த ஊருக்குக் கூட்டி வருவான் கைடு ஆண்டனிராஜ். கிராமத்து வீடு, பணியாரம், மல்லிகை கட்டிப் பார்ப்பது, கட்டிலில் படுத்தபடி கும்பிட முயலும் ஒரு மனிதர். ஒன்றரை மணி நேரம். கப்பலில் கொடுக்கும் பளபளப்பான தாளில் சோலைமுத்துவின் படம் இருந்தது. கோணிய வாயை அவர்கள் சிரிப்பு என்று நினைத்திருந்தார்கள்.

கண்ணன் அப்பாவின் பாதத்தைத் தொட்டான். நிறுத்திப்போட்ட மெஷின் மாதிரி இருந்தது.

துடைத்துவிட வெந்நீரோடு வந்த மாயம்மாள், மகன் முகத்தைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் வாய் திறந்தது. சத்தம் வருமுன் கண்ணன் அதைப் பொத்தினான்.

"அம்மா, சத்தம் போடாத. இன்னிக்கு பஸ் வருது."

விரல்களுக்கு மேலே அவள் கண்கள் அவனையே பார்த்தன. அவ்வளவு பக்கத்தில் அவன் அந்தக் கண்களைப் பார்த்ததே இல்லை. அவளிடமிருந்து மாவு வாசம் வந்தது. மெல்லக் கையை எடுத்தான்.

"ராத்திரி கஞ்சி குடிச்சாரு. விடியக்காலம் பாத்தேன், தூங்குறாருன்னுல்ல நெனச்சேன்."

"நீ அழுதா தெருவே வந்துரும். அப்புறம் அடுப்பு எரியாது. ஒரு மணிக்கு பஸ் போயிரும். அதுக்கப்புறம் எம்புட்டு வேணாலும் அழு."

"மனுசன் செத்துக் கெடக்காரு. அடுப்பு பத்த வைக்கச் சொல்றியா?"

"பத்த வை."

ஆண்டனிராஜுக்குப் போன் போட்டான். பஸ் இரைச்சலுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னான். 'வேண்டாம்பா, நான் வேறே ஊர்ல இறக்கிக்கிறேன்' என்று அவன் சொல்லிவிடுவான் என்று கண்ணன் நினைத்தான். சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தான்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் அம்மாவுக்கும்தாண்ணே."

"அப்ப இன்னும் யாரும் சாகல. இங்க பாரு தம்பி, அருப்புக்கோட்டை தாண்டிட்டோம். கோயிலப் பாத்துட்டு பதினொன்னரைக்கு அங்க இருப்போம். கப்பலம்மாவும் வாராங்க. அவங்க வாறதே உன்னப் பாக்கத்தான். இந்தத் தடவ விட்டா அடுத்த சீசன்தான்."

கப்பலம்மா என்று ஊரில் சொல்லப்பட்டவள் கப்பலின் ஊர்சுற்றல் ஏற்பாடுகளுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரி. அவள் ஒரு வார்த்தை சொன்னால் கண்ணனுக்குக் கப்பலில் வேலை. அடித்தட்டில் துணி வெளுப்பது. அங்கே ஜன்னல்கூட இருக்காது என்று ஆண்டனிராஜ் முதலிலேயே சொல்லியிருந்தான். மில்லிலும் ஜன்னல் இல்லை. ஆனால் மில் நகராது. பாஸ்போர்ட் எடுத்து இரண்டு வருஷமாக டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. கண்ணனுக்கு இருபத்தெட்டு வயது.

மாயம்மாள் துண்டைக் கிழித்துப் புருஷனின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினாள். கால் பெருவிரல்களைக் கட்ட நூலை எடுத்தபோது கண்ணன் தடுத்தான்.

"அது வேணாம். தெரியும்."

"தாடைக்கட்டு தெரியாதா?"

"பல்வலின்னு சொல்லிக்கலாம்."

அவள் நூலை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். புகை வருவதைப் பார்த்து எதிர்வீட்டுச் சின்னக்கண்ணு வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்: "ஏ மாயம்மா, இன்னிக்கு வெள்ளக்காரவுகளா? மிச்சம் இருந்தா நாலு பணியாரம் எடுத்து வையி."

"வைக்கிறேன்" என்றாள் மாயம்மாள்.

பங்குனி வெயிலில் பஸ் வந்து நின்றது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக முப்பத்தாறு பேர் இறங்கினார்கள். ஆண்டனிராஜ் முன்னால் வந்து, யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் சின்னதாகச் சிலுவை போட்டுக்கொண்டு, "அக்கா, ஆரம்பிங்க" என்றான்.

ஆரம்பம் என்பது வாசலில் நின்று கைகூப்பி 'வாங்க' என்று சொல்வது. மாயம்மாள் கைகூப்பினாள். சாவு வீட்டில் வருகிறவரிடம் வாங்க என்று யாரும் சொல்வதில்லை. தலையை மட்டும் அசைப்பார்கள். அவளும் தலையை மட்டும் அசைத்தாள்.

"அக்கா, வாயத் தெறந்து."

அவள் மகனைப் பார்த்தாள். அவன் கப்பலம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க" என்றாள்.

"வாங்க" என்று முப்பத்தாறு பேரும் திருப்பிச் சொல்லிக் கைதட்டினார்கள்.

பணியாரம் தின்றார்கள். பந்தல் நிழலில் உட்கார்ந்து வாழைநாரில் மல்லிகை மொட்டுகளைக் கோணல்மாணலாகக் கட்டினார்கள். மாயம்மாள் ஒவ்வொருவர் விரலையும் பிடித்து முடிச்சுப் போடக் காட்டினாள். அவள் விரல்கள் தடுமாறவே இல்லை. அதுதான் கண்ணனுக்குப் பயமாக இருந்தது. கப்பலம்மா அவனிடம் இரண்டு கேள்வி கேட்டாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷில் அவனும் பதில் சொன்னான். அவள் போனில் எதையோ குறித்துக்கொண்டாள். அப்புறம் கையிலிருந்த தாளை நீட்டி அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"பெரியவரு எங்கன்னு கேக்குறாங்க" என்றான் ஆண்டனிராஜ். அவன் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. "தூங்குறாருன்னு சொல்லிட்டேன். வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிர்றாங்களாம்."

வாசலோடு நிற்கவில்லை. எழுபது வயதுக் கிழவி ஒருத்தி, தான் கட்டிய சரத்தைத் தூக்கிக்கொண்டு கட்டில்வரை போய்விட்டாள். மற்றவர்கள் நிலைப்படியில் நெருக்கியடித்து நின்று, தூங்குகிறவரை எழுப்பாத ரகசியக் குரலில், "வாங்க... வாங்க..." என்றார்கள். போன்கள் உயர்ந்தன. கிழவி பூச்சரத்தைச் சோலைமுத்துவின் கைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு ஆண்டனிராஜிடம் திரும்பி ஏதோ சொன்னாள்.

கண்ணன் கட்டிலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான்.

"கை ஜில்லுன்னு இருக்காம்" என்றான் ஆண்டனிராஜ், யாரையும் பார்க்காமல். "போர்வை போத்தி விடச் சொல்றாங்க."

மாயம்மாள் கொடியில் கிடந்த கம்பளியை எடுத்து வந்தாள். அந்த வெயிலில் புருஷனைக் கழுத்துவரை போர்த்தினாள். ஓரங்களைப் பாயடியில் செருகினாள். கிழவி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

கிளம்பும்போது சொல்வதற்கு ஆண்டனிராஜ் பஸ்ஸிலேயே ஒரு வரி பழக்கிக் கூட்டி வருவான். சாவு வீட்டில் அதையும் சொல்லக் கூடாது என்று அவனுக்கும் தெரியும். தடுக்க அவன் கையைத் தூக்குவதற்குள் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று சொல்லிவிட்டார்கள்.

"போயிட்டு வாரோம்."

கப்பலம்மா ஏறுமுன் கண்ணனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். ஆண்டனிராஜ் கதவோரம் நின்று, "சாயங்காலம் போன் பண்றேன்" என்று வாயசைத்தான். புழுதி அடங்கியது.

கண்ணன் உள்ளே வந்தான். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கால் பெருவிரல்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாங்கம்மா. இனி அழு."

"செத்த நேரம் பொறு. பஸ்சு மெயின்ரோடு ஏறட்டும்."

அவன் நின்றான். கிழவி கட்டிய சரத்தில் முடிச்சு நிற்கவில்லை. மின்விசிறிக் காற்றில் மொட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று கம்பளிமேல் உருண்டன. தூரத்தில் ஹாரன் கேட்டு ஓய்ந்தது.

"அம்மா, அழும்மா."

"வரல" என்றாள். நூலை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "நீதான நிப்பாட்டுன. நீயே ஆரம்பி."

வாசலில் செருப்புச் சத்தம். தூக்குச்சட்டியோடு சின்னக்கண்ணு படியேறிக்கொண்டிருந்தாள். கண்ணன் திரும்பி நிலைப்படிக்கு வந்தான். இப்போது சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தான். தாடை ஒருபக்கமாக இழுத்தது. அழுகைதான் வரப்போகிறது என்று நினைத்தான்.

"வாங்க" என்றான்.

சின்னக்கண்ணு சிரித்தபடி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்துகொண்டே உள்ளே வந்தாள்.