குலசிங்கமும் மானும் துப்பாக்கி பார்த்த கதை

குலசிங்கம் தன் முதல் வேட்டைத் துப்பாக்கியைத் தெரிவுசெய்யக் கிளம்பிய சனிக்கிழமை, சுடப்பட வேண்டிய மானும் கூடவே காரில் ஏறிக்கொண்டது. இது 1993ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒக்லண்டின் ஹென்டர்சனில் நடந்தது. அன்று தூறல், பெற்றோல் விலையில் மாற்றமில்லை. மான் முந்திய வியாழக்கிழமையே வந்துவிட்டது. "நானும் வேட்டைக்கு வாறன்" என்று குலசிங்கம் வேலையிடத்தில் வாயைக் கொடுத்துவிட்டு வந்த அதே பின்னேரம், வீட்டின் பின்பக்கம் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே அது கொம்பும் குளம்புமாக நின்றது. அவர் மனைவி யோகராணி ஒரு வாளி தண்ணீர் வைத்தாள். அது ஏன் வந்தது என்று எங்கள் ஆட்களில் ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு நாள் தங்கும் என்றுதான் கேட்டோம்.

குலசிங்கம் வேட்டைக்குப் போக ஆசைப்பட்டது இறைச்சிக்காக இல்லை. பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். தேநீர் இடைவேளையில் மேற்பார்வையாளர் கிரேமும் கூட்டாளிகளும் பெரிய மேசையில் இருப்பார்கள். குலசிங்கம் ஜன்னலோரச் சின்ன மேசையில் தன் புட்டோடு இருப்பார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வணக்கம் சொல்வார்கள், மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள், பிறகு மான்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்க மனேஜராக இருந்து, வந்தவன் போனவன் எல்லோரோடும் கதைத்துப் பழகிய மனிதருக்கு அந்தச் சின்ன மேசை வருடக்கணக்காகப் பெரிய துக்கமாக இருந்தது. கிரேமின் கூட்டம் ஏப்ரல்தோறும் போகும் வேட்டைக்கு ஒரே ஒரு விதி: குழலின் வாய்ப்பக்கமாக வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து, கோலால் இடித்து நிரப்பும் பழைய மாதிரித் துப்பாக்கிதான் கொண்டுவரலாம். எங்கள் வன்னியில் அதை இடியன் துவக்கு என்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு வெடிதான். தவறினால், திரும்ப நிரப்பி முடிப்பதற்குள் மான் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். சொந்தத் துப்பாக்கி இல்லாதவருக்கு இடமில்லை.

துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்த சனம் நாங்கள். அதே சனம் துவக்கு வாங்க ஊர்வலமாகப் புறப்பட்டது. கார் வாங்கப் போனால் சில்லை உதைத்துப் பார்க்க நாலு பேர் கூடவே போவது எங்கள் வழக்கம், துப்பாக்கிக்கு மட்டும் விட்டுவிடுவோமா? கணக்காளர் விநாயகமூர்த்தி திரும்ப விற்றால் என்ன விலை போகும் என்று விசாரித்தார். நவரத்தினம் "ஜப்பான்காரன் செய்தது இல்லையோ?" என்று கடைக்காரனைத் துளைத்தார். மலேசியாவிலிருந்து வந்த சின்னையா மட்டும் கிறிஸ்மஸுக்கு மறுநாள் மலிவு விற்பனையை மனதில் வைத்து, நிதானமாக, "பாக்ஸிங் டே சேல் வரும்லா, பொறுங்க" என்றார். இதை எழுதுபவரும் குழலின் நீளத்தைப் பற்றி அரை மணி நேரம் விளக்கம் சொன்னார். அவர் வாழ்நாளில் சுட்டது தோசை மட்டுமே. அனுமதிப்பத்திரம் கொடுப்பதற்கு முன் பொலிஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, இந்த மனிதரிடம் துப்பாக்கி இருந்தால் உனக்குப் பயமில்லையா என்று யோகராணியைக் கேட்டார். "இவர் கரப்பானையே கடுதாசியில அள்ளிக்கொண்டுபோய் வெளியில விடுறவர்" என்றாள் அவள். மகள் வித்தியா அதை இங்கிலிஷில் சொன்னாள். பொலிஸ்காரர் சிரித்துவிட்டு, மானின் காதைச் சொறிந்துகொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஆலோசனை எதையும் குலசிங்கம் கேட்கவில்லை, ஏனென்றால் மானுக்கு அவற்றில் ஒன்றும் பிடிக்கவில்லை. மனுகாவ் துப்பாக்கிக் கடையில் சிக்கிமுக்கிக் கல் பொறி தட்டி வெடிக்கும் துப்பாக்கியை அவர் தோளில் வைத்தபோது, மான் தும்மியது. ஒக்லண்ட் மழையில் அந்தக் கல்லும் மருந்தும் ஈரமாகி அவமானப்படுத்தும் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. குறிபார்க்கத் தொலைநோக்கி பூட்டிய புது மாதிரி ஒன்றை எடுத்தபோது, மான் முதுகைக் காட்டி நின்றது. பெருங்குண்டுத் துப்பாக்கியை எடுத்தபோது, அவருடைய தோளை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது. அந்த உதை தாங்கும் தோள் அது இல்லை. இப்படியே இரண்டரை வருடங்களுக்கு மேல் போயிற்று. கொம்பு உதிரும் காலத்தில் காரில் போவது இலகுவாக இருந்தது. கொம்பு முளைத்ததும் பின் ஜன்னல் இரண்டையும் திறந்துவிட வேண்டி வந்தது. யோகராணியின் கறிவேப்பிலைச் செடியை மான் ஒருமுறை மொட்டையாக்கியது. அவள் ஒரு கிழமை அதோடு கதைக்கவில்லை, பிறகு தானாகவே போய்க் கதைத்தாள். குலசிங்கமோ வேலை முடிந்து வந்து பின்படியில் குந்தியிருந்து, அன்றைக்குப் பெரிய மேசையில் என்ன பேசினார்கள் என்று மானிடம் ஒன்றும் விடாமல் சொல்வார். அந்த மேசையில் பேசியது எதுவும் அவருக்கு நேரே சொல்லப்பட்டதில்லை என்பதை மான் அறிந்திருந்தது.

1996 மார்ச்சில் கிரேம், இந்த வருடமும் வராவிட்டால் குலசிங்கத்துக்கென்று வைத்திருந்த இடத்தைப் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை கடைக்குள் போனதும், மான் யாருக்கும் காத்திராமல் மூலையில் இருந்த ஒரு துப்பாக்கியிடம் போய் அதன் மரப்பிடியை நக்கியது. கல்லுக்குப் பதிலாகக் குண்டுமணி அளவு செம்புத் தொப்பி வைத்து வெடிக்கும், பாரமில்லாத, நேர்மையான துப்பாக்கி. குலசிங்கத்தின் தோளுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. அவர் அதை வாங்கினார். பிறகு காருக்குள் இருந்துகொண்டு அழுதார். வீட்டில் யோகராணி, "இஞ்சாருங்கோ, அதைச் சுட்டுப்போட்டு இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "சுடாமல் வந்தால் நீங்கள் சாகும்வரைக்கும் அந்தச் சின்ன மேசைதான். அதையும் என்னால பார்க்கேலாது" என்றாள். இரண்டும் உண்மை என்பதால் அவர் இரண்டுக்கும் ஓம் என்றார்.

ஏப்ரலில், ஹெலன்ஸ்வில்லுக்கு அப்பால், கிரேமின் மைத்துனருடைய பண்ணைக்குப் பின்னாலிருந்த காட்டில், மான் முன்னால் நடந்துபோய் ஒரு வெளியில் விலாவைக் காட்டி நின்றது. மற்றவர்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். குலசிங்கம் குழலை நிமிர்த்திப் பிடித்து நிரப்பத் தொடங்கினார். மருந்தில் பாதியைத் தன் சப்பாத்தில் கொட்டினார். குண்டை இரண்டு தடவை கீழே போட்டுத் தேடி எடுத்தார். கோலால் இடித்தார், செம்புத் தொப்பியை வைத்தார். மான் அவ்வளவு நேரமும் பொறுமையாக நின்றது. இடையில் கொஞ்சம் புல் தின்றது. அவர் குழலை மரங்களுக்கு மேலே, வானத்துக்கு உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தார். எங்கும் வெள்ளைப் புகை. புகை விலகியபோது மான் நான்கு காலையும் நீட்டிச் சரிந்து கிடந்தது, நாக்கும் கொஞ்சம் வெளியே.

குலசிங்கம் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஐயோ, நான் மேலதானே சுட்டனான்" என்று கதறினார். மான் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது. அதற்குள் கிரேமும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். கிரேம் நாற்பது வருடம் மான் வேட்டையாடியவர். காயம் எங்கே என்று அவர் தேடவில்லை. குளிர்காற்றில் மானின் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கிரேம் வயிற்றைக் கீற எடுத்த கத்தியை உறையில் திரும்பச் செருகி, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, "குட் ஷொட், குலா" என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள். பிறகு மானைச் சுற்றிக் குந்தியிருந்து படம் எடுத்தார்கள். மான் மூச்சைப் பிடிக்கப் பார்த்தது, முடியவில்லை. தூக்கிக்கொண்டுபோய்ப் பின் திறந்த வண்டியில் ஏற்றினார்கள். வரும் வழியில் கூமியூ ஊர் தாண்டும்போது அது எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. சுடாமல் பார்க்க மட்டும் வந்திருந்த புதுப் பையன் அதற்கு ஒரு அப்பிள் கொடுத்தான். யோகராணி கதவைத் திறந்து இருவரையும் உள்ளே வரச்சொன்னாள்.

அந்தப் படம் இன்றைக்கும் பென்ரோஸ் களஞ்சியத்தின் தேநீர் அறையில், பெரிய மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறது. மானின் மூக்கிலிருந்து வரும் ஆவி படத்திலும் நிற்கவில்லை. குளிர்காலக் காலைகளில் கண்ணாடி உட்பக்கமாக மங்கிவிடும். சட்டத்தைக் கழற்றி அதைத் துடைக்க வேண்டிய வேலையை அவர்கள் முறை வைத்துச் செய்கிறார்கள். திங்கட்கிழமை கிரேம், செவ்வாய்க்கிழமை புதுப் பையன், புதன்கிழமை குலா.