சோப்பு படாத குப்பி

அன்று காலை சோப்பு ஆலையின் அலுவலக அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில், ஆலையை நடத்தும், மூக்கம்மாவின் கொழுந்தன். அவனுக்கு வலப்பக்கம், கைப்பையை மடியில் அணைத்தபடி அவன் மனைவி. ஜன்னலோரம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியிராத இடமாகத் தேடிப் பிடித்து, மூக்கம்மாவின் கணவன். வாசலுக்கு முதுகைக் காட்டி, வேலை கேட்டு வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் மூக்கம்மா. அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியை ஓர் அட்டைப்பெட்டி பிடித்துக்கொண்டிருந்தது. மொத்த வியாபாரி திருப்பி அனுப்பிய அறுபது பெட்டிகளில் அது ஒன்று.

மூக்கம்மா என்பது ஆலையில் அவளுக்கு வைத்த பெயர். பதினாறு வருடமாக, அவள் முகர்ந்து பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டியதில்லை. எண்ணெய் லேசாகக் காறியிருந்தால் போதும், சோப்புக் காய்ச்சும் கொப்பரைக்குப் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். அந்த வியாபாரி சரக்கைக்கூடப் பார்க்க மாட்டார், சீட்டில் அந்தக் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

அந்த மூக்குக்குத்தான் கேடு வந்தது. மூன்று வருடமாக அடைப்பு. உள்ளே திராட்சைக் குலைபோலச் சதை வளர்ந்திருக்கிறது என்றார் மூக்கு டாக்டர். ஒரு முறை அறுவை செய்து எடுத்தார். வளர்ந்தது. இரண்டாம் முறை எடுத்தார். மங்கியிருந்த வாசனை இரண்டு வாரம் விருந்தாளி மாதிரி வந்து தங்கிவிட்டு, சொல்லாமல் அடியோடு போய்விட்டது. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் விரலால் தடவிப் பார்த்து, நிறம் பார்த்து, பழக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அதில் போய், காறல் நாற்றம் என்று திரும்பி வந்தவைதான் அந்த அறுபது பெட்டிகளும்.

கொழுந்தன் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஓர் உறையை மேசைமேல் தூக்கிப் போட்டான். ஓரம் கிழிந்திருந்தது.

"என் பேருக்கு வந்த கவர்," என்றாள்.

"ஆலை விலாசத்துக்கு வந்தா அது ஆலைக்கு வந்ததுதான் அண்ணி." அவன் காகிதத்தை விரித்தான். "அண்ணா, நல்லா கேட்டுக்கோ. மாதிரி ஒண்ணு, மூக்கோட உள்பக்கம். மாதிரி ரெண்டு, மூக்கு கழுவுற குப்பி. ரெண்டுலயும் ஒரே கிருமி. ஸ்டெஃபிலோகாக்கஸாம். ஊருக்கே சோப்பு போடுறவங்க, அவங்க குப்பிக்குப் போடல."

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "நான் குழந்தையோட பால்புட்டிய தினமும் ரெண்டு தடவ கொதிக்க வைக்கிறேன்க்கா. என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

 மூக்கம்மாவின் கண்முன் அந்தக் குப்பி வந்து நின்றது. பிழிந்தால் உப்புநீர் ஒரு துளையில் ஏறி மறு துளையில் இறங்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. தினமும் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவுங்கள், திறந்து காயவையுங்கள், சில மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்துச் செய்கிற அவள் அதை மட்டும் செய்யவில்லை. முகர்கிறவள் மூக்கில் வேறு மணம் ஏறக் கூடாது. பதினாறு வருடமாகப் பவுடர் இல்லை, பூ இல்லை, தைலம் இல்லை. குப்பியில் ஒட்டும் சோப்பு மணம் மறுநாள் வேலையைக் கெடுக்கும் என்று வெறும் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு மூடி, இழுப்பறையில் போட்டாள். இரண்டு வருடமாக ஒரே குப்பி.

போன வாரம் டாக்டர் அந்தக் குப்பியையும் கொண்டுவரச் சொல்லி, மூக்கிலும் குப்பியிலும் மாதிரி எடுத்தபோது அதன் உள்சுவரை விரலால் தேய்த்துக் காட்டியிருந்தார். வழவழவென்றிருந்தது. "இதே மாதிரி படலம் மூக்குக்குள்ளயும் போர்வை விரிச்சிருக்கலாம்மா. அடியில கிருமி சொகுசா இருக்கும், மருந்து போய்ச் சேராது. அது கக்குற விஷத்துக்கு உடம்பு தலைகால் தெரியாம எதிர்த்து அடிக்கும். அந்த வீக்கத்துல சதை வளருது. கிருமி மட்டுமே காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எரியிற இடத்துல விசிறியோட உக்காந்திருக்கு."

கிருமியை மூக்கு குப்பிக்குக் கொடுத்ததா, குப்பி மூக்குக்குக் கொடுத்ததா என்று அறிக்கையில் இல்லை. எப்படியானாலும் மூக்கைக் காவல் காத்த கையாலேயே அவள் கிருமிக்கு இரண்டு வேளையும் படியளந்திருக்கிறாள்.

"திரும்பி வந்த சரக்கை உருக்கி, ரெண்டு மடங்கு வாசனை ஊத்தி, புது உறை போட்டாச்சு," என்றான் கொழுந்தன். "அதே ஆளுக்குத்தான் போகுது. உங்க கையெழுத்துதான் பாக்கி."

"எனக்கு எதுவும் தெரியாதே. எப்படிப் போடறது?"

"அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். போட்டா இந்த ரிப்போர்ட் அலமாரிக்குள்ள போயிடும், நாற்காலி உங்களுது. போடலன்னா ரிப்போர்ட் அந்த ஆளுக்குப் போகும். நீங்க மறைச்சதையும் சேர்த்து எழுதுவேன். நாளையிலேர்ந்து இவ உக்காருவா." மனைவியைக் காட்டினான். கைப்பை சற்று நிமிர்ந்தது.

"போட்டுட்டுப் போயேன்," என்றான் கணவன், ஜன்னலைப் பார்த்து. "எதுக்கு வீண் வம்பு?"

"நீங்க வெளியவே பாருங்க. இங்க நடக்கிறது வீட்டு விஷயம்." பிறகு கொழுந்தனிடம் திரும்பினாள். "காறின எண்ணெய் கொப்பரைக்கு எப்படி வந்துது? வாங்குறது நீதானே. வாங்கும்போதே தெரியுமா?"

அவன் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினான். "போன மாசம் உங்க மேசைக்கடியில எலி செத்து நாறிச்சு. ஆலையே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிச்சு. நீங்க அங்கயே உக்காந்து நிதானமா டீ குடிச்சீங்க. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம்தான் அந்தப் பழைய எண்ணெயை வாங்கினேன். உங்க கையெழுத்து இருக்கிறப்ப எனக்கு என்ன பயம்?"

 அவள் எழுந்தாள், அறிக்கையை அவன் கைக்கடியிலிருந்து உருவினாள், மூலையிலிருந்த நகல் இயந்திரத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அது முனகி முனகி ஒரு தாளைத் துப்பும்வரை பொறுமையாக நின்றாள்.

"எதுக்குக் காப்பி?" என்றான்.

"எழுதணும்."

சீட்டு எழுதப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான். முகத்தில் வெளிச்சம் வந்தது.

அவள் தன் நாற்காலியிலிருந்த பெட்டியைத் தரையில் இறக்கினாள். உட்கார்ந்து, இடப்பக்கம் இரண்டு விரல் இடம்விட்டு எழுதினாள்.

'மதிப்புக்குரிய ஐயா,

ஒன்று. என் மூக்கில் இரண்டு மாதமாக வாசனை இல்லை. அதை மறைத்து உங்கள் அறுபது பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டேன். குற்றம் என்னுடையது. ஆய்வுக்கூட அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.

இரண்டு. அதே சரக்கு புது உறையில் உங்களிடம் வரப்போகிறது. அடியில் இருப்பது காறிய எண்ணெய். நிர்வாகி அதைத் தெரிந்தே வாங்கியதாக இன்று என்னிடம் சொன்னார்.

மூன்று. இனி என் கையெழுத்துள்ள சீட்டு எந்தப் பெட்டியில் வந்தாலும் அது நான் போட்டதல்ல. நம்ப வேண்டாம்.'

நகலோடு சேர்த்து மடித்து உறையில் போட்டு, வியாபாரியின் விலாசம் எழுதினாள். பழக்கதோஷத்தில் உறையின் ஓரத்தை நாக்குக்குக் கொண்டுபோனாள். நிறுத்தினாள். பசைக் குப்பியைத் திறந்து, விரலால் தடவி ஒட்டினாள்.

கொழுந்தன் மேலே எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணி, அதை இப்படிக் குடுங்க."

"என் பேருல போற கவர். ஆலை விலாசம் போடல, பாரு."

"இதோட உங்களுக்கு இங்க நாற்காலி கிடையாது."

"தெரியும்." ஓரகத்தியைப் பார்த்தாள். "எடுத்துக்கோம்மா. எலி கிடந்தா மட்டும் வாய்விட்டுச் சொல்லிடு."

கணவன் அப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் வழியே சற்று நேரத்தில் அவள் தெருவைக் கடப்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். வழியில் மருந்துக்கடையில் புதுக் குப்பி ஒன்று வாங்கினாள். தபால் நிலையத்தில் வரிசை சிறியதாக இருந்தது. பதிவுத் தபால் என்று சொல்லி உறையை நீட்டினாள். எழுத்தர் எடை பார்த்து, பசை காய்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னாலிருந்த சாக்கில் போட்டார்.