இழுப்பறைக்குள் ஒரு காந்தம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பங்கஜமும் குல்ஷனும் இண்டர்மீடியட் படித்தார்கள். மாட வீதியிலிருந்து நடந்து வரும் பங்கஜம் பள்ளிக்கூடத்திலிருந்தே முதல் மாணவி. ராயப்பேட்டையிலிருந்து ஜட்காவில் வரும் குல்ஷன், சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்த இடத்தைப் பிடித்துவிட்டாள். பௌதிக லேபில் புஷ்பம் மிஸ் குல்ஷனின் மேஜையருகே சற்றுக் கூடுதலாக நின்றாலும் பங்கஜத்துக்கு வயிறு எரியும்.

அன்றைக்குக் காந்தப் புலம் வரைய வேண்டும். தாளின் நடுவே சட்டக் காந்தத்தை வடக்கு தெற்காக வைத்து, அதைச் சுற்றிலும் சிறிய திசைகாட்டியை நகர்த்தி, ஊசி காட்டும் வழியே புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். சரியாகச் செய்தால் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையும்.

ஒவ்வொருத்தியின் லேப் பெட்டியிலும் இரண்டு காந்தங்கள். முன்னாலேயே வந்துவிட்ட பங்கஜம், தன்னுடையதில் ஒன்றைக் குல்ஷனின் மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

வகுப்பு பாதி நடக்கும்போது புஷ்பம் மிஸ் குல்ஷனிடம் வந்தார்.

“என்னம்மா, இந்தப் பக்கம் கோடெல்லாம் கோணிக்கிட்டுப் போகுது?”

பங்கஜம் தலை நிமிராமல் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“ஊசி அப்படித்தான் காட்டுது மிஸ்,” என்றாள் குல்ஷன். தன் காந்தங்கள் இரண்டையும் எடுத்துப் போய் ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்து, வெறும் தாளின் மேல் திசைகாட்டியை நகர்த்தினாள். வடக்கே பார்த்து நிற்க வேண்டிய ஊசி, இழுப்பறைப் பக்கமே திரும்பியது.

“உள்ளே இன்னொரு காந்தம் இருக்குது மிஸ்.”

இழுப்பறையைத் திறந்து பார்த்த மிஸ் சிரித்துவிட்டார். “போன வகுப்புப் பொண்ணுங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க. நீ பார்த்ததைப் பார்த்தபடியே போட்டிருக்கே,” என்று அந்தத் தாளைச் சுவரில் மாட்டினார். பங்கஜத்தின் பிசகில்லாத தாளுக்கு ஒரு கையெழுத்து மட்டும் கிடைத்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு குல்ஷன் அந்தக் காந்தத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“இந்தா. உன் பெட்டியிலதான் ஒண்ணு குறையுது.”

பங்கஜத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. “தெரிஞ்சுண்டும் ஏன் மிஸ்கிட்ட சொல்லலை?”

“சொல்லி இன்னா ஆவப்போவுது? ரெண்டு காந்தம் இருந்தா கோடு எப்படிப் போவும்னு நானும் இதுக்கு முன்னாடி பார்த்ததில்லையே. நல்லாத்தான் இருந்துச்சு.”

அவள் கோபித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். குல்ஷனோ துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜட்காவைத் தேடிப் போய்விட்டாள்.

யாருமில்லாத அறையில் பங்கஜம் சுவரிலிருந்த தாளைப் பார்த்தாள். கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நெளிந்து, அழகாகத்தான் இருந்தன. மார்க்குக்காக இல்லாமல் தான் எதையாவது இப்படி ஆசையாக வரைந்ததுண்டா என்று யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முதலிடம் போனபோதுகூட இவ்வளவு பொறாமையாக இருந்ததில்லை.